ஆர்.ஓ. மக்கர் செய்கிறதா? சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் குறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"மெம்பரேன் போயிடுச்சுண்ணே, மாத்திடலாமா?"

சேலத்தில் சாயக்கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் பட்டறைகளிலிருந்து வரும் போன்கள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெம்பரேன் போயிருக்காது. ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்து, மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவி) சுத்திகரிப்பு வரிசையின் கடைசியில் நிற்கிறது. சமன்தொட்டி, அமிலம் விட்டு நடுநிலையாக்கும் இடம், காற்றூட்டும் தொட்டி, தெளியவைக்கும் தொட்டி, மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, யூ.எஃப். (கலங்கலை நிறுத்தும் நுண்துளை நார் வடிகட்டி) என்று அதற்கு முன்னால் உள்ள எது பிசகினாலும் ஆர்.ஓ.வின் கேஜில்தான் முதலில் தெரியும். அதனால் பழியும் அதன்மேல்தான் விழும். கோளாறு கிளம்பிய இடம் இரண்டு மூன்று தொட்டி முன்னால் இருக்கும். சில நேரம் சாயத்தொட்டியிலேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது மெம்பரேன் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறவர்கள், பட்டு நூல் வேகவைத்துச் சாயமிடுகிறவர்கள், இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். யூ.எஃப்.பும் இரண்டு அல்லது மூன்று கட்ட ஆர்.ஓ.வும் உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். படிகாரமும் காற்றூட்டலும் நிறத்தையும் சி.ஓ.டி.யையும் (கரிம அழுக்கின் அளவு) குறைக்கும், உப்பைத் தொடாது. ரியாக்டிவ் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். அலசும் தண்ணீரோடு கலந்த பிறகும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராமில் நிற்கும். ஆறு, ஓடைகளில் விடுவதற்கான வரம்பு 2,100. திருமணிமுத்தாற்றில் நுரை பொங்குவதைப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எதையும் தொடுவதற்கு முன்

பிளாண்ட் ஓடும்போதே இவற்றை எழுதி வையுங்கள்: உள்ளே போகும் தண்ணீரின் வெப்பநிலை, பி.எச்., டி.டி.எஸ்.; ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்அழுத்தம், வெளிஅழுத்தம்; பர்மியேட் (மெம்பரேனைத் தாண்டி வரும் சுத்தத் தண்ணீர்) ஓட்டம், ரிஜெக்ட் (தாண்டாமல் மிஞ்சும் உப்புத் தண்ணீர்) ஓட்டம்; ஒவ்வொரு வெசலின் (மெம்பரேன்களை அடைத்த நீள்குழாய்) பர்மியேட் டி.டி.எஸ். தனித்தனியாக. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் எடுப்பதில்லை. மொத்தக் குழாயில் ஒரே மீட்டர் வைத்துவிட்டு, "டி.டி.எஸ். ஏறிடுச்சு" என்பார்கள். எந்த வெசலில் ஏறியது என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியாது.

புது மெம்பரேன் போட்ட முதல் வாரத்தின் அளவுகள் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இன்றைய அளவையே தொடக்கமாக வைத்து எழுத ஆரம்பியுங்கள்.

பர்மியேட் ஓட்டம் குறைந்துகொண்டே போகிறது

முதலில் தெர்மாமீட்டர். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் மெம்பரேன் வழியாகப் போகும் ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். பகலில் 35 டிகிரியில் இருந்த தண்ணீர், மார்கழிக் காலையில் 25க்கு இறங்கியிருந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே ஓட்டம் கால் பங்கு குறைந்திருக்கும். சேர்வராயன் மலைக்காற்று இறங்கும் டிசம்பர், ஜனவரி காலைகளில் வரும் புகார்களை நான் மதியம் வரை தள்ளிப்போடச் சொல்வேன். பல நேரம் மதியம் போன் வராது. வெப்பநிலையைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகும் ஓட்டம் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தால்தான் அடுத்த வேலை.

அடுத்தது, அடைப்பு தலையிலா வாலிலா என்று பார்ப்பது. முதல் கட்டத்தின் உள்அழுத்தத்துக்கும் வெளிஅழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறியிருந்தால் வெளியிலிருந்து வந்த அழுக்கு: கசடு, நுண்ணுயிர்ப் பாசி, நூல் தும்பு, படிகாரத் துகள். கடைசிக் கட்டத்தின் வித்தியாசம் ஏறியிருந்தால் உப்புப் படிவு, ஏனென்றால் தண்ணீர் மிகவும் செறிவாவது அங்கேதான். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமலே அமிலக் கழுவலுக்குப் போகிறவர்கள் அதிகம்.

தலையில் அடைப்பு என்றால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் உள்ள 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டியைக் கழற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள். வழவழப்பும் நாற்றமும் இருந்தால் பாசி. சாம்பல் நிறத்தில் சளிபோல் இருந்தால் தெளியவைக்கும் தொட்டியில் போடும் பாலி (கசடைத் திரட்டும் பாலிமர்) அதிகம். வெள்ளையாக, விரலில் தேய்த்தால் மாவுபோல் இருந்தால் படிகாரமோ பி.ஏ.சி.யோ (படிகாரம் போன்ற இன்னொரு அலுமினிய மருந்து) தொட்டியில் படியாமல் தாண்டி வந்திருக்கிறது. பிந்தையதற்குக் காரணம் பெரும்பாலும் பி.எச். அலுமினியம் 6க்கும் 7க்கும் நடுவே நன்றாகப் படியும். சாயத்தண்ணீர் சோடா ஆஷ் காரணமாக 10, 11 என்று வருகிறது. அமில டோசிங் பம்பு அடைத்துக்கொண்டால் அலுமினியம் கரைந்தே யூ.எஃப்.பைத் தாண்டிவிடும். பி.எச். குறைந்த பிறகு ஆர்.ஓ.வுக்கு உள்ளே போய்ப் படியும். டோசிங் பம்பின் வால்வைக் கழற்றிக் கழுவுவதோடு முடிகிற வேலை இது.

எந்தக் கட்டத்திலும் அழுத்த வித்தியாசம் ஏறவில்லை, ஆனால் ஓட்டம் மட்டும் சரிகிறது, டி.டி.எஸ். நன்றாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருவதும் இதுதான், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். காரணம், நிறம் எடுக்கப் போடும் டிகலரன்ட்.

ரியாக்டிவ் சாய மூலக்கூறு எதிர்மின்னூட்டம் கொண்டது. டிகலரன்ட் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிதிரியாகக் கீழே படிகின்றன, தண்ணீர் தெளிகிறது. அளவாகப் போட்டால் நல்ல மருந்து. மிஞ்சினால், மிஞ்சியது தண்ணீரோடு ஆர்.ஓ.வுக்குப் போகிறது. பாலிஅமைடு மெம்பரேனின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். டிகலரன்டுக்கு அதுவும் ஒரு சாயம்தான், போய் ஒட்டிக்கொள்ளும். கட்டியாக அடைக்காது, மெல்லிய பூச்சாகப் படரும். அதனால்தான் கேஜில் அழுத்த வித்தியாசம் தெரிவதில்லை. போதாக்குறைக்கு ஆன்டிஸ்கேலன்டும் (உப்புப் படிவைத் தடுக்கும் மருந்து) எதிர்மின்னூட்டம் கொண்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அது இந்த மிச்சத்தோடு சேர்ந்தால் பசையாகும். கார்ட்ரிட்ஜ் பிசுபிசுவென்று ஒட்டினால் இதைச் சந்தேகியுங்கள்.

டிகலரன்ட் மிஞ்சுகிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். தெளியவைக்கும் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். பட்டறையில் இருக்கும் ரியாக்டிவ் சிவப்பை ஒரு சிட்டிகை தனியே கரைத்து, அதில் சில சொட்டுகளை டம்ளரில் விடுங்கள். தண்ணீர் முழுக்கச் சீராகச் சிவந்தால் மிச்சம் இல்லை. சிவப்பு பரவாமல் சிறு சிறு திரியாகத் திரண்டு, கொஞ்ச நேரத்தில் அடியில் இறங்கினால் டிகலரன்ட் மிஞ்சியிருக்கிறது. இதை ஷிப்டுக்கு ஒருமுறை செய்தாலே மெம்பரேன் ஆயுள் கூடும். செலவு ஒரு டம்ளர் தண்ணீர்.

மிஞ்சாமல் போடுவதற்கு ஜார் டெஸ்ட்தான் வழி. ஆறு பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கழிவுநீர், டிகலரன்ட் அளவு ஏறுவரிசையில். நிறம் போகத் தொடங்கும் அளவையும், தண்ணீர் திரும்பக் கலங்கத் தொடங்கும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அளவை ஒட்டியே நில்லுங்கள். கொஞ்சம் நிறம் மிஞ்சினால் பரவாயில்லை, அதை ஆர்.ஓ. பார்த்துக்கொள்ளும். "தொட்டித் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கணும்" என்று முதலாளி ஆசைப்படுவதில்தான் டோஸ் ஏறுகிறது. கருநீலம் ஓடும் நாளின் டோசும் வெளிர் மஞ்சள் ஓடும் நாளின் டோசும் ஒன்றாக இருக்கவே முடியாது. சமன்தொட்டி ஒரு நாள் தண்ணீரையாவது தாங்கினால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும். சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் சாயம் மாறும்போதெல்லாம் ஜார் டெஸ்ட் எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. ஒட்டிய டிகலரன்ட் முழுவதையும் எந்தக் கழுவலும் எடுக்காது. கொஞ்சம் மீளும், அவ்வளவுதான்.

யூ.எஃப்.பைத் தாண்டிய தண்ணீரிலும் நிறம் இருக்கிறது

இது கோளாறே இல்லை. யூ.எஃப்.பின் துளை 0.02 முதல் 0.1 மைக்ரான். கரைந்த சாயம் அதைவிட மிகச் சின்னது, தாராளமாகத் தாண்டிப் போகும். யூ.எஃப்.பின் வேலை கலங்கலை நிறுத்துவது. நிறத்தோடு தெளிவாக இருந்தால் சரி, கலங்கலாக இருந்தால் நார் அறுந்திருக்கிறது. எஸ்.டி.ஐ. (தண்ணீர் மெம்பரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் அளவு) 3க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். 5க்கு மேல் என்றால் ஆர்.ஓ.வை ஓட்டாதீர்கள்.

யூ.எஃப். அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது, பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பித் தள்ளிக் கழுவுதல்) செய்தாலும் இறங்கவில்லை

பருத்தி மட்டும் போடும் பட்டறை என்றால் பாலி டோசையும், துணியை மிருதுவாக்கும் சிலிக்கானையும், காற்றூட்டும் தொட்டியில் நுரை அடக்க ஊற்றும் சிலிக்கான் எண்ணெயையும் சந்தேகியுங்கள். நுரைக்குத் தண்ணீர் தெளிப்பான் போதும். சிலிக்கான் ஒட்டினால் யூ.எஃப்.பும் ஆர்.ஓ.வும் இரண்டும் கெடும்.

பட்டு வேகவைக்கும் இடம் என்றால் கதை வேறு. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு செரிசின் என்ற பிசின். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது அது முழுக்கத் தண்ணீரில் இறங்குகிறது. சூட்டில் கரைந்திருக்கும், ஆறினால் கூழாகும். அதாவது பட்டறையில் பார்க்கும்போது வெறும் சோப்புத் தண்ணீர், யூ.எஃப்.புக்கு வந்து சேரும்போது கூழ். இதோடு நம் ஊர் போர்த் தண்ணீரும் சேர்கிறது. சுண்ணாம்புக்கரட்டில் மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊர் இது. அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் மக்னீசியம் தாராளம். சோப்பும் மக்னீசியமும் சேர்ந்தால் கரையாத சோப்பு அழுக்கு. துணி துவைக்கும்போது வாளியின் ஓரத்தில் படியும் அதே சாம்பல் வளையம், யூ.எஃப். நாரின் உள்ளே படிகிறது. காஸ்டிக் பேக்வாஷ் அதைக் கரைக்காது. முதலில் லேசான அமிலம், பி.எச். 2 அளவில், மக்னீசியத்தைப் பிரிக்கும். அப்புறம் காரம் கொடுத்தால்தான் மிச்சக் கொழுப்பு போகும்.

இதை அடியோடு நிறுத்த, வேகவைத்த தண்ணீரைத் தனித்தொட்டியில் பிடியுங்கள். ஆறிய பிறகு அமிலம் விட்டு பி.எச்.ஐ 4க்குக் கொண்டுவந்தால் செரிசின் தயிர்போல் திரியும், சோப்பு கொழுப்பாகப் பிரிந்து மேலே மிதக்கும். மேலே உள்ளதை வழித்து, அடியில் உள்ளதை வடிகட்டி, நடுவில் உள்ள தண்ணீரை மட்டும் சமன்தொட்டிக்கு விடுங்கள். முதலில் ஒரு வாளியில் செய்து பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போகவும். வேகவைக்க மென்னீர் பயன்படுத்தினால் சோப்புச் செலவும் குறையும்.

பர்மியேட் டி.டி.எஸ். ஏறுகிறது

டி.டி.எஸ்.ஸோடு ஓட்டம் என்ன ஆகிறது என்று பாருங்கள். டி.டி.எஸ். ஏறி ஓட்டம் குறைந்தால் படிவு. அதைக் கீழே சொல்கிறேன். டி.டி.எஸ். ஏறி ஓட்டமும் ஏறினால் மெம்பரேன் அரிக்கப்படுகிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

ஒரே வெசலில் மட்டும் திடீரென்று ஏறியிருந்தால் ஒழுகல்தான். உறுதிப்படுத்த, பிளாண்ட் ஓடும்போதே அந்த வெசலின் பர்மியேட் துளை வழியாக மெல்லிய பிளாஸ்டிக் டியூபை உள்ளே விடுங்கள். வெசலுக்குள் வரிசையாக இருக்கும் எலிமென்ட் (சுருட்டிய மெம்பரேன்) ஒன்றின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். டியூபில் அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, மெதுவாக இழுத்தபடி ஒவ்வொரு கோட்டிலும் டி.டி.எஸ். பாருங்கள். எலிமென்ட் நடுவில் சீராக இருந்து, இரண்டு எலிமென்ட் சேரும் இடத்தில் மட்டும் அளவு துள்ளினால், இணைப்பானின் ஓ-ரிங் போயிருக்கிறது. சில ரூபாய்ப் பொருள். அதற்காக முழு வெசலின் மெம்பரேனையும் மாற்றியவர்கள் உண்டு. ஓ-ரிங்கைப் போடும்போது கிளிசரின் தடவுங்கள். கிரீஸ், வாசலின் வேண்டாம். பெட்ரோலியப் பொருள் ரப்பரையும் மெம்பரேனையும் கெடுக்கும். ஓ-ரிங் அடிக்கடி போனால், வெசலுக்குள் எலிமென்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று அர்த்தம். கடைசியில் ஷிம் வளையம் போட்டு இறுக்க வேண்டும். பம்பு திடீரென்று முழு அழுத்தத்தில் கிளம்புவதையும் சரிசெய்யுங்கள்.

முதல் கட்டத்து வெசல்கள் எல்லாவற்றிலும் சேர்ந்தாற்போல், தலைப்பக்க எலிமென்டில் அதிகமாக ஏறியிருந்தால் குளோரின். பாலிஅமைடு குளோரினைத் தாங்காது. ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கவே கூடாது. குளோரின் எங்கிருந்து வருகிறது? நூல் வெளுக்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), அல்லது நிறம் போகவில்லை என்று இரவு ஷிப்டில் யாரோ ஊற்றிய ஹைப்போ. இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஹைப்போ கேன்களை எண்ணினால் போதும். பெராக்சைடு வெளுப்பு வைத்திருப்பவர்கள் அதன் மிச்சத்தையும் பார்க்க வேண்டும். தண்ணீரில் இரும்பும் சேர்ந்திருந்தால் பெராக்சைடும் மெம்பரேனை அரிக்கும்.

சோதிக்கும்போது ஒரு சிக்கல். குளோரின் சோதனையின் இளஞ்சிவப்பு, சாயத்தண்ணீரில் தெரியாது. அதனால் ஓ.ஆர்.பி. மீட்டரை (தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டுவது) நம்புங்கள். மீட்டர் வழக்கத்தைவிடக் கிடுகிடுவென்று ஏறினால் உடனே ஃபீடை (ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீர்) நிறுத்துங்கள். ஒரு பங்கு குளோரினைப் போக்க ஏறத்தாழ 3 பங்கு சோடியம் மெட்டாபைசல்பைட் போடுவது நடைமுறை. கணக்குப்படி ஒன்றரைப் பங்குக்கும் குறைவாகவே போதும், ஆனால் பழைய பவுடர் காற்றுப் பட்டு வீரியம் இழந்திருக்கும். அரிக்கப்பட்ட மெம்பரேன் மீளாது.

பர்மியேட்டிலேயே நிறம் தெரிகிறது

பெரும்பாலும் ஒழுகல்தான். சாய மூலக்கூறு உப்பைவிடப் பல மடங்கு பெரியது. உப்பை நிறுத்தும் மெம்பரேன் சாயத்தை விடாது. மேலே சொன்ன டியூப் சோதனையைச் செய்யுங்கள்.

கடைசிக் கட்டம் அடைக்கிறது, ரிஜெக்ட் குழாயில் வெள்ளையாகப் படிகிறது

படிவைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து அமிலம் விடுங்கள். பொங்கிக் கரைந்தால் கால்சியம் கார்பனேட், எளிது. பொங்காமல், கரையாமல் கண்ணாடித்தூள் போல நின்றால் சிலிக்கா, அல்லது மக்னீசியம் சிலிகேட், அல்லது சல்பேட். நம் பக்கத்துப் பாறையை நினைத்தால் சிலிக்காவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிலிக்கா 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் வரைதான் கரைந்து நிற்கும். உதாரணத்துக்கு உங்கள் ஃபீடில் 40 இருக்கிறது என்று வையுங்கள். 60 சதவீதம் பர்மியேட் எடுத்தால் ரிஜெக்டில் இரண்டரை மடங்காகி 100 ஆகும், தப்பித்தோம். பேராசைப்பட்டு 75 சதவீதம் எடுத்தால் நான்கு மடங்கு, 160. படியாமல் என்ன செய்யும்? நல்ல ஆன்டிஸ்கேலன்ட் இந்த வரம்பைக் கொஞ்சம் தள்ளும், அழிக்காது. சிலிக்கா கெட்டியாகப் படிந்தால் சாதாரண அமிலக் கழுவலில் வராது. எனவே போர்த் தண்ணீரின் சிலிக்காவை ஒருமுறையாவது லேபில் பார்த்து, அதை வைத்து எடுப்பு விகிதத்தைத் தீர்மானியுங்கள். ஃபீட் பி.எச். 9க்கு மேல் போனால் மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்து படியும். அமில டோசிங்கை இங்கேயும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு காரணம் கரண்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், செறிந்த ரிஜெக்ட் கடைசிக் கட்டத்தில் அப்படியே நிற்கும். அரை மணி நேரம் நின்றாலே படியத் தொடங்கலாம். உயரத்தில் ஒரு பர்மியேட் தொட்டி வைத்து, கரண்ட் போனதும் வால்வைத் திறந்து அந்தத் தண்ணீரால் வெசல்களைத் தள்ளிக் கழுவுங்கள். இதற்கு ஜெனரேட்டர் வேண்டாம்.

சி.ஐ.பி. (கழற்றாமலே மருந்துக் கழுவல்) செய்தும் ஓட்டம் திரும்பவில்லை

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. போர்த் தண்ணீரில் காஸ்டிக் கரைத்துப் பாருங்கள், பால்போல் வெளுக்கும். அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. கழுவுகிறோம் என்று அதையே மெம்பரேன்மேல் பூசுகிறோம். பர்மியேட்டில் மட்டுமே கரையுங்கள்.

வரிசையும் முக்கியம். சாயம், பாசி, எண்ணெய் இருக்கும் இடத்தில் முதலில் காரம், பிறகு அமிலம். அமிலத்தை முதலில் விட்டால் கரிமப் பொருள் இறுகிக்கொள்ளும். கார்பனேட் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அமிலம் முதலில். இது ஆர்.ஓ.வுக்கு, யூ.எஃப்.பில் சோப்பு அழுக்குக்கு மேலே சொன்ன வரிசையைப் பின்பற்றுங்கள். காரம் பி.எச். 12 வரை, வெப்பநிலை 35 டிகிரிக்குள். உங்கள் மெம்பரேன் தயாரிப்பாளரின் தாளில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே வரம்பு. குளிர்ந்த கரைசலில் கழுவுவது பெரும்பாலும் வீண். சூடாக்கி, சுற்றவிட்டு, ஊறவிட்டு, மறுபடி சுற்றவிடுங்கள். ஊறும் நேரத்தில் தேநீர் குடிக்கப் போவது தப்பில்லை, ஹீட்டரை மறந்துவிட்டுப் போவதுதான் தப்பு. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். சேர்த்துக் கழுவினால் முதல் கட்டத்து அழுக்கு இரண்டாவதற்குப் போய்ச் சேரும்.

வெசலுக்கு அழுத்த வித்தியாசம் 3.5 பாரைத் தாண்டும்வரை காத்திருந்து கழுவினால் பயனில்லை. அதற்குள் எலிமென்டின் சுருள் ஒருபக்கமாகப் பிதுங்கியிருக்கும். 15 சதவீதம் ஏறும்போதே கழுவுங்கள்.

இவ்வளவும் செய்து மீளாவிட்டால், சரி, மாற்றும் காலம்தான். ஆனால் எல்லாவற்றையும் மாற்றாமல் முதல் கட்டத்தின் தலை எலிமென்டையும் கடைசிக் கட்டத்தின் வால் எலிமென்டையும் கழற்றி எடை போடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகும் வால் எலிமென்ட் புதியதைவிட வெகுவாகக் கனத்தால் உள்ளே படிவு. ஒன்றை அறுத்துப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். எப்படியும் தூக்கிப் போடப்போவதுதானே.

சமன்தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம்

காற்றில்லாமல் கிடக்கும் தண்ணீரில் சல்பேட் சல்ஃபைடாக மாறுகிறது. கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடும் பட்டறைகளில் இது சீக்கிரம் நடக்கும். அந்தத் தொட்டியில் அமிலத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பி.எச். இறங்கினால் சல்ஃபைடு முழுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும். உயிர் போகும் வாயு அது. கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போவதால், "இப்ப வாடை இல்லண்ணே" என்று உள்ளே இறங்குவது இன்னும் ஆபத்து. காற்று ஊதியைச் சரிசெய்யுங்கள், அடிக் கசடை மேலிருந்தே பம்பு போட்டு எடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்க வேண்டாம்.

பர்மியேட்டில் சாயம் போட்டால் ஷேடு விலகுகிறது

ஆபரேட்டருக்கும் சாயமேற்றுபவருக்கும் சண்டை வரும் இடம் இது. "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவர், "தண்ணியாலதான் கெட்டுச்சு" என்று மற்றவர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மை.

பர்மியேட் லேசான அமிலத்தன்மை கொண்டது. கரியமில வாயு மெம்பரேனைத் தாண்டும், பைகார்பனேட் தாண்டாது. அதனால் பி.எச். 5.5, 6 என்று நிற்கும். போர்த் தண்ணீருக்குப் போட்ட சோடா அளவை அப்படியே வைத்தால் ஷேடு மாறத்தான் செய்யும். புதுத் தண்ணீருக்கு ரெசிபியைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். ஒருநாள் பர்மியேட், ஒருநாள் போர், ஒருநாள் டேங்கர் லாரித் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு எந்த ரெசிபியும் நிற்காது.

வெண்பட்டு வேட்டிக்கு நூல் வெளுக்கிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இந்த லேசான அமிலத் தண்ணீர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரித்து இரும்பைக் கரைக்கும். மெம்பரேனில் இரும்பு இல்லை, தொட்டியில் இல்லை, நூலில் மட்டும் மஞ்சள் புள்ளி என்றால் குழாயைப் பாருங்கள். பி.வி.சி.க்கு மாற்றினால் தீரும்.

நானோஃபில்டரிலிருந்து (சாயத்தை நிறுத்தி உப்பை விடும் மெம்பரேன்) வரும் உப்புக்கரைசலை மறுபடி சாயத்தொட்டிக்கு எடுப்பவர்களுக்குத் திட்டுத்திட்டாக வந்தால், முதலில் அதன் பி.எச்.ஐப் பாருங்கள். ரியாக்டிவ் சாயம் உப்போடு நூலில் ஏறும்போது தொட்டி நடுநிலையில் இருக்க வேண்டும், காரம் பிறகுதான். பழைய சோடாவின் மிச்சம் கரைசலில் இருந்தால், சாயம் பரவுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். கரைசலை 7க்குக் கொண்டுவந்துவிட்டு எடுங்கள். அதன் கடினத்தன்மையையும் பாருங்கள். கரைசலில் லேசான மஞ்சள் சாயல் இருந்தால் கருநீலம், மெரூன், கறுப்பு போன்ற அடர் ஷேடுகளுக்கு வைத்துக்கொண்டு, வெளிர் ஷேடுகளுக்குப் புது உப்பு போடுங்கள். டர்காய்ஸ் ப்ளூவுக்குச் சாதாரண உப்பைவிட கிளாபர் உப்பு ஒத்துக்கொள்ளும். கரைசலில் இரண்டும் கலந்திருந்தால் அந்த ஷேடை அதில் போடாமல் இருப்பதே நல்லது. எவ்வளவு உப்பு இருக்கிறது என்று ஹைட்ரோமீட்டரில் தினமும் பார்த்துத்தான் மிச்சத்தைச் சேர்க்க வேண்டும்.

குளிர்காலக் காலையில் உப்புக்கரைசல் குழாய் அடைத்துக்கொள்கிறது

கிளாபர் உப்புக்கு 32.4 டிகிரி ஒரு எல்லை. அந்தச் சூட்டில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 50 கிராம் சோடியம் சல்பேட் கரையும். 20 டிகிரிக்கு இறங்கினால் 20 கிராம்கூட நிற்காது. மிச்சமெல்லாம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய படிகமாகும். ரிஜெக்டைக் காய்ச்சிச் செறிவாக்கும் ஆவியாக்கியிலிருந்து சூடாக வந்த கரைசல் இரவு முழுக்கக் குழாயில் நின்றால், காலையில் கல்போல் இறுகியிருக்கும். சுத்தியலால் தட்டாதீர்கள், பி.வி.சி. குழாய் விரிசல் விடும். வெளியே கோணி சுற்றி வெந்நீர் ஊற்றுங்கள், உள்ளே வெதுவெதுப்பான பர்மியேட்டை மெதுவாக விடுங்கள், கரைந்துவிடும். இனி வராமலிருக்க, ஷிப்டு முடியும்போது குழாயில் ஒரு வாளி பர்மியேட் விட்டுக் காலி செய்துவிட்டுப் போகவும். பம்பை ஓட்டிப் பார்ப்பது படிகம் முழுக்கக் கரைந்த பிறகுதான். இல்லாவிட்டால் பம்பின் இம்பெல்லர் போய்விடும்.